பதினேழாம் பக்கம்

1

இந்தக் கதை தாள் பற்றாக்குறையில் பிறந்தது. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

சில வருடங்களுக்கு முன் ‘ஆமை ஓட்டிய பஸ்’ என்று குழந்தைகளுக்கு ஒரு புத்தகம் எழுதினேன். ஆமை பஸ் ஓட்டுகிறது. முயல், கீரி, மயில், வெள்ளாடு எல்லாம் நேரத்துக்கு வந்து ஏறிக்கொள்கின்றன. நத்தை மட்டும் தினமும் தாமதம். ஒரு நாள் முயல் பொறுமை இழந்து கத்துகிறது: “இன்னும் எவ்வளவு நேரம்? வண்டியை எடு!” ஆமை இன்ஜினை அணைக்கிறது. கதவைத் திறந்து வைக்கிறது. தூரத்தில், சாலையின் நடுவில், நத்தை ஒரு புள்ளியாகத் தெரிகிறது. அவ்வளவுதான், புத்தகம் முடிந்தது.

முடிவை வாசகரிடமே விட்ட துணிச்சல் என்று ஒரு சிறுபத்திரிகையில் பாராட்டி எழுதினார்கள். துணிச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அச்சில் ஒரு பாரம் என்றால் பதினாறு பக்கம். நத்தை பஸ்ஸில் ஏறுவது பதினேழாவது பக்கத்தில் இருந்தது. “ஒரு பக்கத்துக்காக இன்னொரு பாரம் போட முடியாதுங்க. படிக்கிறவங்க புரிஞ்சுக்குவாங்க” என்றார் பதிப்பாளர். நானும் தலையாட்டினேன்.

படித்தவர்கள் புரிந்துகொண்டார்கள். எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. நாளைக் காலைக்குள் முடிக்க வேண்டும். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

2

தொடக்கம் மூன்று எழுதினேன்.

ஒன்று: ‘கந்தர்வக்கோட்டை முந்திரிக் காடுகளுக்கு மேல் செந்நிறமாய் விடிந்துகொண்டிருந்த அந்த...’ (வேண்டாம். விடியலை வர்ணிக்கிறவர்கள் அந்த நேரத்தில் தூங்குகிறவர்கள்.)

இரண்டு: ‘செல்வராணி பிறவியிலேயே ஒரு தலைவி.’ (அவரே சிரிப்பார்.)

மூன்று: ‘செல்வராணி எழுந்து நின்று, தன் மதினியின் பெயரைச் சத்தமாகச் சொன்னார்.’

இது இருக்கட்டும். நடந்தது அதுதான். ஆனால் எந்த இடத்தில், யார் கேட்டு, எதற்குச் சொன்னார் என்று சொல்லாவிட்டால் நீங்கள் அவரைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள். அவர் வேலை பார்க்கும் கம்பெனியில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

(இன்னொன்று. முதல் வரைவில் செல்வராணியை ‘அவள்’ என்றும், அடுத்து வரப்போகும் விக்ரமை ‘அவர்’ என்றும் எழுதியிருந்தேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாக அப்படிப் போயிற்று. திருத்திவிட்டேன்.)

3

கந்தர்வக்கோட்டைக்குப் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு முந்திரிக் கம்பெனி இருக்கிறது. பெயர் வேண்டாம். ஷெட்டுக்குள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கொட்டை உடைக்கிறார்கள். ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் விரலைப் பொசுக்கும். கையுறை போட்டால் வேகம் வராது என்று விளக்கெண்ணெயும் சாம்பலும் பூசிக்கொள்கிறார்கள். பருப்பு முழுசாக வர வேண்டும். ஆளுக்கு ஒரு தட்டு. சாயங்காலம் தட்டு எடைக்குப் போகும்.

அந்தப் பெண்களிலிருந்தே சிலரைப் பொறுக்கிப் புதிதாக சூப்பர்வைசர் ஆக்கினார்கள். செல்வராணி அதில் ஒருவர். போன செவ்வாய்க்கிழமை அவர்களுக்கு ஒரு பயிற்சி. நடத்தியவர் கம்பெனியின் ஹெச்.ஆர். மேனேஜர் விக்ரம். முப்பது வயதைத் தாண்டியிருக்காது. “என் பொண்ணு தூங்குறதுக்கு முன்னாடி உங்க ஆமை பஸ்ஸைத்தான் சார் படிக்கச் சொல்றா” என்று போன் செய்து என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார். போனேன். சால்வை போட்டார்கள். வெயில் காலத்தில் சால்வை.

திரையில் தலைப்பு ஓடியது: ‘சிறுவர் நூல்களில் தலைமைப் பாடங்கள்’.

யானை திரும்பிப் பார்க்காமல் நடக்கும், தலைவரும் அப்படித்தான் நடக்க வேண்டும் என்றார் விக்ரம். குருவி கூட்டை அளவாகத்தான் கட்டும், தலைவரும் ஆட்களை அளவாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியாக என் பஸ் வந்தது. திறந்த கதவு, தூரத்தில் நத்தை. “ஆசிரியர் ஏன் இங்க நிறுத்திட்டார்? ஏன்னா முடிவெடுக்க வேண்டியது தலைவர். ஒருத்தருக்காக நின்னா மத்த எல்லாருக்கும் லேட். இதுதான் தலைவரோட சங்கடம்.” பிறகு என்னைப் பார்த்து, “சரிதானே சார்?” என்றார்.

தாள் பற்றாக்குறை என்று சபையில் எப்படிச் சொல்வது? சிரித்து வைத்தேன்.

இங்கே கொஞ்சம் கட்டுரை எழுதிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் குளத்தூர்ப் பக்கம் கல்குவாரியில் வளர்ந்தவன். அம்மாவும் அப்பாவும் ஜல்லி உடைத்தார்கள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நானும் உடைத்தேன். எனக்குத் தெரிந்த மேஸ்திரிகள் யாரும் குழந்தைக் கதை படித்து மேஸ்திரி ஆனவர்கள் இல்லை. அவர்களில் நல்லவரும் இருந்தார்கள், நாய்களும் இருந்தார்கள். நல்லவர் நல்லவராக இருந்ததற்குப் பல சமயம் காரணம், அந்த வாரம் லோடு குறைவாகக் கேட்டிருந்தார்கள் என்பதுதான். குழந்தைக் கதைகளில் இந்தத் தொந்தரவு கிடையாது. ஆமைக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள், டீசல் யார் போடுகிறார்கள், பஸ் தாமதமானால் ஆமைக்கு யார் மெமோ கொடுப்பார்கள் என்று நான் எழுதவில்லை. கதைப் புத்தகத்தில் யாருக்கும் சம்பளம் இல்லை. அங்கே தலைமை அவ்வளவு அழகாக இருப்பது அதனால்தான்.

கட்டுரை முடிந்தது.

விக்ரம் கேட்டார்: “இப்ப நீங்க சொல்லுங்க. உங்க டீம்ல நத்தை யாரு? தைரியமா சொல்லலாம். இது சும்மா ஒரு எக்சர்சைஸ்தான்.”

செல்வராணி எழுந்தார். முகத்தில் ஒரு சந்தோஷம்.

“எங்க அமராவதி மதினி சார். வலது கை வெரலு மடங்க மாட்டேங்குது. எண்ணெ பட்டுப் பட்டுத் தோலே போயிருச்சு. பாதித் தட்டுகூடத் தேறாது, பாவம். நாங்கதான் ஆளுக்கு ஒரு கைப்பிடி அள்ளி அவுக தட்டுல போட்டு எடைக்கு அனுப்புவோம். அவுகளுக்கு ஒரு லேசான வேலையாப் பாத்துக் குடுங்க சார்.”

“சூப்பர்! எல்லாரும் கைதட்டுங்க” என்றார் விக்ரம். தட்டினோம். நானும்தான்.

4

இதுதான் நீங்கள் தப்பாக நினைக்கக்கூடிய இடம்.

கம்பெனிக்கு வருவதற்கு முன் செல்வராணி நூறு நாள் வேலையில் பொறுப்பாளராக இருந்தவர். கண்மாயில் மண் வெட்டுகிற வேலை. அங்கே காலையில் ஆள் கூடியதும் முதல் கேள்வி, “யாருக்குடி முடியல?” என்பதுதான். முடியாதவர் தானாகச் சொல்ல மாட்டார். பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். “இந்தா, இவளுக்கு ஆப்பரேசன் பண்ணி ரெண்டு மாசம்தான் ஆச்சு.” “இவளுக்கு மூட்டு வீங்கிக் கெடக்கு.” பெயர் சொல்லப்பட்டவருக்கு மண்வெட்டி கிடையாது. தண்ணீர் கொடுக்கலாம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். அங்கே முடியாதவளின் பெயரைச் சொல்வது கூட இருப்பவள் செய்ய வேண்டிய கடமை. சொல்லாமல் விட்டால்தான் சண்டை. “என் பேரச் சொல்லாம கல்லு மாதிரி நின்னவதானடி நீ” என்று வருடக்கணக்கில் பேசாமல் இருப்பவர்கள் உண்டு.

அந்தப் பழக்கத்தில் எழுந்து நின்றார். ஹெச்.ஆர். மேனேஜர் கேட்டதும் அந்தக் கேள்விதான் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் ஷெட்டுக்குள் கேமரா வந்தது. ஒருவர் தட்டிலிருந்து இன்னொருவர் தட்டுக்குக் கை போகக் கூடாது என்று உத்தரவு. கைப்பிடி நின்றது. அமராவதியின் தட்டு அமராவதியின் தட்டாகவே எடைக்குப் போனது. நேற்று, சனிக்கிழமை சாயங்காலம், அவரைக் கூப்பிட்டுத் திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

போனது சம்பளம் மட்டும் இல்லை. அமராவதியின் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். அது ஓடுவது அமராவதியின் இ.எஸ்.ஐ. கார்டில். வேலை போனால் கொஞ்ச நாளில் கார்டும் போகும்.

5

அமராவதியை நான் நேரில் பார்த்ததில்லை. முதலில் அவரை இப்படி எழுதினேன்: ‘அமராவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தமில்லாமல்...’

இன்று காலை செல்வராணி புதுக்கோட்டைக்கு பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார். வந்தவரிடம் கேட்டேன், “வர வேண்டாம்னு சொன்னதும் அமராவதி அழுதாங்களா?”

“ஆரு, மதினியா? நல்லாக் கேட்டீங்கண்ணே. வேல முடிஞ்சு கம்பெனி வேன்ல திரும்புறப்ப, அத்தன பேரு முன்னாடி என்னயப் புடிச்சிருச்சு. ‘ஏண்டி, என்ன நத்தைன்னு சொன்னியாமே? நத்தைக்குச் சொந்த வீடு இருக்குடி. நான் வாடகைக்குக் கெடக்குறேன்’னுச்சு. வேனே சிரிக்குது. எனக்கு மூஞ்சிய எங்க வைக்கிறதுன்னு தெரியல.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“மதினி, நல்லதுக்குத்தான் சொன்னேன்னேன். ‘தெரியும்டி, நீ நல்லதுக்குச் சொல்லுவ, அவன் நல்லாக் கேப்பான்’னுச்சு. எறங்கும்போது படியில நின்னுக்கிட்டுச் சொல்லுது, ‘திங்கக்கெழம நான் ஸ்டாப்புல நிப்பேன். ஏத்துனா ஏத்து, ஏத்தாட்டிப் போ. நிக்கிறதுக்கு ஆருகிட்டயும் கேக்க வேணாமுல்ல’ன்னு. அது எறங்குன ஒடனே அந்த சீட்டுல சாப்பாட்டுப் பையத் தூக்கி வச்சுட்டாளுகண்ணே. மோசமானவளுக இல்ல. அந்த வேன்ல கால வைக்க எடம் கெடையாது, பைய மடியிலயே வச்சுக்கிட்டு வாரவளுக. எடம் காலியானா வைக்கத்தான செய்வாளுக.”

முந்தானையை அடித்துவிட்டேன்.

6

செல்வராணி வந்தது அழுவதற்கு இல்லை. ஒரு வேலையோடு வந்திருந்தார்.

“அந்த மேனேஜரு ஒங்க கதையத்தான் பிடிச்சுக்கிட்டுப் பேசுறாரு. நான் போயிக் கேட்டேன். ‘சார், கதையில ஆமை நிக்குதுல்ல, நம்மளும் நிப்போம்’னேன். அதுக்கு அவரு, ‘நின்னுச்சு, ஏத்துச்சுன்னு எங்கம்மா இருக்கு’ங்குறாரு. நீங்கதானண்ணே எழுதுனீங்க? ஏத்துச்சுன்னு ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. கொண்டு போயிக் காட்டுறேன்.”

இருபது வருடமாக எழுதுகிறேன். முடிவு எழுதித் தாருங்கள் என்று ஒருவர் பஸ் ஏறி வந்து கேட்டது இதுதான் முதல் தடவை.

செல்வராணியை உட்கார வைத்துவிட்டு விக்ரமுக்குப் போன் போட்டேன். பின்னால் குழந்தை ஏதோ பாடிக்கொண்டிருந்தது.

“விக்ரம், அது முடிவு இல்லாத கதை இல்ல. நத்தை ஏறிரும். பக்கம் பத்தாம விட்டுட்டோம்.”

அவர் வெளியே வந்தார் போல, பாட்டு தேய்ந்தது. “சார், எனக்குத் தெரியாதா? என் பொண்ணு கேட்டா, நத்தை ஏறிருச்சுன்னுதான் தினமும் சொல்றேன். இல்லாட்டித் தூங்க மாட்டா. ஆனா கம்பெனில அப்டிச் சொல்ல முடியாது சார். எனக்கும் மேல ஆள் இருக்கு. அந்தம்மா தட்டு எடையைப் பாத்து நான் என்ன எழுதுவேன்? கைப்பிடி விஷயத்தைச் சபையில சொல்லாம இருந்திருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்ச பிறகு தெரியாத மாதிரி இருக்க முடியல.”

“நீங்கதானே கேட்டீங்க?”

“ஆமா சார். பயிற்சி ஷீட்ல அந்தக் கேள்வி இருந்துச்சு.”

குரலில் களைப்பு. அவரை வில்லனாக்கினால் இந்தக் கதை சீக்கிரம் முடியும். முயன்றேன், வரவில்லை.

7

செல்வராணி காபி குடித்து முடிப்பதற்குள் பதினேழாம் பக்கத்தை எழுதினேன். இதுதான்:

‘நத்தை மெதுவாக வந்து சேர்ந்தது. ஆமை கை கொடுத்தது. முயல் நகர்ந்து இடம் விட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். பஸ் கிளம்பியது.’

வாங்கி, விரல் வைத்துப் படித்தார்.

“முயலு எதுக்கு எடம் விட்டுச்சு?”

“மனசு மாறிருச்சு.”

“முந்துன பக்கத்துல அந்தக் கத்து கத்துச்சு. அதுக்குள்ளயா?”

“குழந்தைக் கதைங்க...”

“சரி, அது போகட்டும். மறுநாளும் நத்த லேட்டாத்தான வரும்?”

“ஆமா.”

“மறுநாளும் நிக்கணும்ல?”

“நிக்கணும்.”

“அதுக்கு மறுநாளு?”

அவர் என்னை மடக்கக் கேட்கவில்லை. தனக்குத்தானே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணே, வேன்ல ஆரு ஏறுனாலும் நாந்தான் போன்ல டிக் அடிக்கணும். மதினி பேர நேத்தே போன்லருந்து தூக்கிட்டாக. பேரு இல்லாத ஆள ஏத்துனா அடுத்து என் பேரும் இருக்காதுன்னு மேனேஜரு சொல்லிட்டாரு. ஒரு நாளு வீராப்பா ஏத்திருவேன். கேட்டுல செக்யூரிட்டி எறக்கி விடுவான். மறுநாளு நானும் வேன்ல இருக்க மாட்டேன், மதினியும் இருக்காது. இதுக்குப் பேரு என்ன? தலைமையா, கிறுக்கா?”

“அப்ப ஏத்தாம விடலாமே?”

“அதுக்கப்பறம் தெனமும் அந்த ஸ்டாப்பத் தாண்டித்தானண்ணே போகணும்.”

தாளை நான்காக மடித்தார். பைக்குள் வைக்கப் போனார். பிறகு என் மேஜை மேலேயே வைத்துவிட்டார்.

“வேணாம்ணே. இதுல கைதட்டுறாக. செவ்வாக்கெழமையும் கைதட்டுனாக.”

“என்ன செய்யப் போறீங்க?”

“தெரிஞ்சா ஒங்ககிட்ட எதுக்கு வாரேன்?” செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். “சரி, வாரேன். பஸ்ஸ விட்டா அங்கிட்டு அடுத்த வண்டி மத்தியானம்தான்.”

8

முடிவுகள். எழுதிப் பார்த்தவை.

அ) வேனில் இருக்கிற எல்லாப் பெண்களும் இறங்கிவிடுகிறார்கள். அமராவதி இல்லாமல் வேலைக்குப் போவதில்லை என்று ரோட்டில் உட்கார்கிறார்கள். கம்பெனி பணிகிறது.

இதை எழுத ஆசைதான். ஆனால் எங்கள் குவாரியில் ஒருவரை நிறுத்தியபோது மறுநாள் காலை மற்றவர்கள் சுத்தியலைத் தூக்கினார்கள். என் அம்மாவும் தூக்கினார். கோழைகள் இல்லை. அடுப்பு எரிய வேண்டியிருந்தது. பார்த்ததை விட்டுவிட்டு ஆசையை எழுதினால் செல்வராணி இன்னொரு தடவை தாளை மடித்து மேஜையில் வைப்பார்.

ஆ) விக்ரம் மகளுக்குக் கதை படிக்கும்போது மனம் மாறி...

(இல்லை. முயலுக்கே ஒரு பக்கம் போதவில்லை.)

இ) வேன் நிற்காமல் போகிறது. அமராவதி சேலையில் விழுந்த புழுதியைத் தட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறார். செல்வராணி போனைப் பார்த்தபடி

இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. நடக்கக் கூடியது இதுதான் என்று என் அனுபவம் சொல்கிறது. அனுபவம் சொல்வதையெல்லாம் நான் எழுதித் தர வேண்டியதில்லை. அதற்கு எழுத்தாளன் தேவையில்லை, ஹெச்.ஆர். போதும்.

ஈ) அமராவதியை வேனில் ஏற்றிப் போய், கம்பெனி கேட்டில் எல்லோரும் சேர்ந்து, தண்ணீர் கொடுக்கிற வேலையை அவருக்குத் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். கேமராவுக்கு முன்னால் தட்டுக்குத் தட்டு கை போகக் கூடாதுதான். தாகத்துக்குச் சொம்பு போகலாமே. செல்வராணி ஒருவர் மட்டும் கேட்டால் அவர் பெயர் போகும். வேன் முழுக்கக் கேட்டால் எத்தனை பெயரைத்தான் போனிலிருந்து தூக்குவார்கள்?

இது நடக்கலாம். நடக்காமலும் போகலாம். அது செல்வராணி கையில் மட்டும் இருந்தால் நான் எழுதிவிடுவேன். இல்லை.

9

சாயங்காலம் ஆகிவிட்டது. இந்தத் தடவை தாள் நிறைய இருக்கிறது. பதிப்பாளர் யாரும் பாரம் கணக்குச் சொல்லவில்லை. என்னிடம்தான் அடுத்த வாக்கியம் இல்லை, ஏனென்றால் அது நாளைக் காலையில் இருக்கிறது.

எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். வேனை ஓட்டுகிறவர் பழனிச்சாமி. ஸ்டாப்பில் ஆள் நின்றால் யோசிக்காமல் பிரேக்கை மிதிக்கிறவர். பழக்கம். ஆகவே வேன் நிற்கும். அமராவதி சொன்னபடி நின்றுகொண்டிருப்பார், கையில் சாப்பாட்டோடு. செல்வராணி முன்சீட்டில் இருப்பார், போனைக் கையில் வைத்துக்கொண்டு. கதவைத் திறப்பார். அதுவரை செய்வார் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

திறந்துவிட்டு, திரும்பி வேனுக்குள் பார்ப்பார். பின்னால் இருக்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான். அந்த நேரத்தில் கேட்பதற்கு அவருக்கு வேறு ஆள் இல்லை. நான் அங்கே இருக்க மாட்டேன். முயலை நகர்த்தத் தெரியாத ஆளால் அங்கே ஒரு பிரயோஜனமும் இல்லை.

நீங்கள் இருக்கிறீர்கள். இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், உங்களை இரண்டாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டேன். விளக்கெண்ணெய் வாடை அடிக்கும். கால் வைக்க இடம் இருக்காது.

கதவு திறந்திருக்கிறது. உங்கள் பக்கத்து சீட்டில் ஆள் இல்லை, ஒரு சாப்பாட்டுப் பை இருக்கிறது.

அது உங்களுடையது.